முத்தவிட்ட பழம்

இறந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். அவர் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொன்னவன் நான். ஆள் போய்விட்டார் என்பதற்காக இப்போது வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் அவருக்கே பிடிக்காது.

புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், அஜின்கோர்ட்டில், எங்கள் வீட்டோடு ஒட்டிய வீடு அவருடையது. நடுச்சுவர் ஒன்று. பின்வளவை ஒரு பலகை வேலி பிரித்தது. நாங்கள் குடிவந்த அன்று, லொறியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பியது. "வாங்கோ" என்றும் சொல்லவில்லை, "ஊரில் எந்தப் பக்கம்" என்றும் கேட்கவில்லை.

"தம்பி, உங்கட மரத்துக் கொப்பு என்ர பயித்தங்கொடிக்கு வெயிலை மறைக்குது. எப்ப வெட்டப்போறாய்?"

நான் முன்கோபக்காரன். "முதல்லை கட்டிலைப் பூட்டிப்போட்டு வாறன் அக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அக்கா என்ற அந்த முறை அப்படியே நிலைத்துவிட்டது. மன்னார்ப் பக்கத்து ஆள். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூப்பு. ஒரு ஹோட்டலின் லோண்டரியில் வேலை. கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் குடும்பத்தோடு இருந்தான்.

அவருடைய வளவைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அந்தச் சின்னத் துண்டு நிலத்தில் பயிற்றை, கத்தரி, பாகல், வெண்டி, மிளகாய், பூசணி எல்லாம் காய்த்துத் தொங்கும். ஆனால் ஒவ்வொரு செடியிலும் ஒரு காயின் காம்பில் கிழிந்த சீலைத்துண்டு ஒன்று கட்டியிருக்கும். அந்தச் செடியின் ஆகத் திறமான காய் அதுதான். முதல் வருடம் ஒன்றும் தெரியாமல் அப்படியொரு கத்தரிக்காயில் கையை வைத்தேன்.

"தொடாதை! உது விதைக்கு."

விதைக்கு ஒரு காய் விடுவது நம்மவர்கள் எல்லோரும் செய்வதுதான். கத்தரிக்காய் மஞ்சளாகும்வரை, வெண்டிக்காய் காய்ந்து வெடிக்கும்வரை செடியிலேயே முத்தவிட்டு, வித்தை எடுத்துச் சாம்பல் பிரட்டிக் காயவைப்போம். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்த வழக்கத்தை வளவோடு நிறுத்தவில்லை என்பதில்தான் என் கோபம்.

வீட்டுக்குள் போனால் சோபாவில் பொலித்தீன் உறை. பதினொரு வருடம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த சோபாவின் துணியை ஒருநாளும் தொட்டதில்லை. கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவர் சாப்பிடுவது ஐஸ்கிரீம் வாங்கி வந்த டப்பாவில். மகன் ஒரு கிறிஸ்மஸுக்கு நல்ல குளிர் கோட் ஒன்று வாங்கிக் கொடுத்தான். மூன்று மாரிக் குளிருக்கும் அது அலுமாரிக்குள் தொங்கியது. இவர் ஜிப் உடைந்த பழைய ஜாக்கெட்டை ஊசி குத்தி மூடிக்கொண்டு விடியற்காலையில் பஸ் தரிப்பில் நிற்பார். ஒருநாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி ஏசினேன்.

"அந்தக் கோட்டை என்னத்துக்கு வைச்சிருக்கிறியள் அக்கா?"

"ஒரு நல்ல நாள் பெருநாளுக்குப் போடலாம்."

"எந்த நல்ல நாளுக்கு?"

"வரும். உனக்கேன் அந்தரம்? காரை எடு, பின்னாலை பஸ் நிக்குது."

அந்தக் கோட்டை, அவர் போன பிறகு, மகன் விலைச்சீட்டோடேயே தானப் பெட்டிக்குள் போட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இதைத் தியாகம் என்று சொன்னவர்களும் உண்டு. செத்த வீட்டில் ஒரு அன்ரி அந்தச் சொல்லைச் சொன்னபோது நான் எழும்பி வெளியே போய்விட்டேன். தியாகம் என்றால் அந்தக் கத்தரிக்காய் யாராவது ஒருவருடைய வாய்க்குள் போயிருக்கவேண்டும். இவர் தானும் தின்னவில்லை, மற்றவருக்கும் கொடுக்கவில்லை. நல்லது எல்லாம் அடுத்த வருடத்துக்கு. அடுத்த வருடம் வந்தால் அதில் நல்லது அதற்கும் அடுத்த வருடத்துக்கு. பூச்சி குத்தியதை வெட்டி எறிந்து மிச்சத்தை அவர் சமைப்பார். கோணலும் நெளிவும் எங்கள் வீட்டுக்கு வரும்.

பெட்ஷீட் சண்டையை மறக்கமுடியாது. ஒக்டோபர் தொடக்கம். அன்றிரவு உறைபனி விழும் என்று போனில் அறிவித்தல் வந்திருந்தது. பின்னேரம் அவர் கதவைத் தட்டி, "ரெண்டு பெட்ஷீட் தா பிள்ளை, மரக்கறிக்கு மூட" என்று என் மனைவியிடம் கேட்டார். தோட்டம் முழுவதையும் காப்பாற்றப்போகிறாராக்கும் என்று அவள் நம்பி, யாரோ பரிசாகத் தந்த புதிய பெட்ஷீட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். காலையில் வேலியால் எட்டிப் பார்த்தேன். மிளகாய்ச் செடிகள் அவிந்து கறுத்துத் தொங்கின. தக்காளி கூழாகிக் கிடந்தது. எங்கள் இரண்டு பெட்ஷீட்டும் ஒரேயொரு கத்தரிச் செடியைச் சுற்றி நின்றன. அதற்குள்ளே சீலைத்துண்டு கட்டிய ஒரேயொரு காய்.

"ஒரு கூடை மிளகாயை அவியவிட்டிட்டியளே! நேற்று ஆய்ஞ்சிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"மிளகாய் கடையிலை கிடக்கு. இந்தக் கத்தரி கடையிலை கிடக்கோ?"

"விதையும் கடையிலை கிடக்கு அக்கா. பக்கெற்றிலை விக்கிறான்!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தூஷணம் பேசிவிட்டது தெரிந்தது. பிறகு ஒருநாள், சும்மா பயிற்றை உரித்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து காட்டுக்குள் கிடந்த காலத்தில், விதைக்கு வைத்திருந்த பயறை அவித்துப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டி வந்ததாம். அடுத்த மழைக்கு எல்லோரும் விதைக்க, இவர்கள் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அழவில்லை. கோபமாகத்தான் சொன்னார். நானும் ஒரு பிடி பயிற்றையை எடுத்துச் சேர்ந்து உரித்தேன். ஆனாலும் கோபம் தீரவில்லை. பசித்த பிள்ளை அந்தப் பயறால்தானே பிழைத்தது? பிக்கரிங்கில் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கிறானே! அதை ஏன் அவர் வரவில் வைக்கவில்லை?

இனிப் பழத்துக்கு வருகிறேன்.

இந்த நாட்டுக் காட்டிலேயே விளைகிற ஒரு பழம் உண்டு. போபோ என்கிறார்கள். நம்முடைய பப்பாசிக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டென்றாலும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அன்னமுன்னா, அதாவது சீத்தாப்பழக் குடும்பம். சின்ன மாங்காய் அளவில் பச்சையாகக் காய்க்கும். கனிந்தால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்பதால் கடைகளுக்கு வருவதில்லை. வேலையிடத்தில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, அவர் என்னை இழுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனார். ஒரு மரம் தனியே நின்றால் காய்க்காது, வேறு மரத்துப் பூந்தூள் வேண்டும் என்று பண்ணைக்காரர் சொன்னார். ஒன்றை அவர் வளவில் நட்டார். மற்றதை என்னைக் கேளாமலே என் வளவில் நட்டார்.

பண்ணைக்காரர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். தொட்டவுடன் கையோடு வந்தால் பழம் பக்குவம், உடனே சாப்பிடவேண்டும். வித்து அப்போதே முற்றியிருக்கும். அதைக் காயவிட்டால் செத்துப்போகும், ஈரத்தோடு குளிர்ப்பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

"உவர் எனக்கு விதை எடுக்கச் சொல்லித் தாறாரோ?" என்று அக்கா காருக்குள் ஏறியதும் முணுமுணுத்தார்.

ஆறு வருடம் அந்த மரங்கள் சும்மா நின்றன. ஏழாவது வருடம் மே மாதம் இரண்டிலும் கருஞ்சிவப்பாகப் பூத்தது. ஒரு கெட்ட வாடை. தேனீ கிட்டவே வராது. என் மகள் முகத்துக்குப் பூசுகிற சின்னத் தூரிகையை வாங்கிக்கொண்டு அக்கா வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏணி வைத்து ஏறி, என் மரத்துப் பூந்தூளைத் தன் மரத்துக்கும் தன் மரத்துத் தூளை என் மரத்துக்கும் தடவினார். "கொப்பை ஆடாமல் பிடி, பேயன் மாதிரி நிக்காதை" என்று எனக்கு ஏச்சு. ஆனால் அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் அதைக் கண்டேன்.

என் மரத்தில் பிடித்த இரண்டு பிஞ்சையும் ரக்கூன் கொண்டுபோனது. அவருடைய மரத்தில் மூன்று. அணில் இரண்டைக் கடித்து விழுத்தியது. மிஞ்சியது ஒன்று. அதன் காம்பில் சீலைத்துண்டு ஏறியது.

அந்தக் கோடையில்தான் அவருக்குத் தொண்டையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். மகனுக்கு வேலை நாட்களில் வர வசதிப்படாது. எனக்கு இரவு ஷிப்ட் என்பதால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். செப்டம்பர் கடைசியில் மருத்துவர் எங்களை இருத்திவைத்துச் சொன்னார். வருகிற திங்கள் முதல் கதிர்வீச்சு. கிழமைக்கு ஐந்து நாளாக ஏழு கிழமை. வாயில் ருசி போய்விடும். சிலருக்குப் பல மாதத்துக்குப் பிறகு திரும்பும், சிலருக்கு முழுவதும் திரும்பாது. நான் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். திரும்பி வரும்போது, கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்கிவைக்க எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் வேலியில் நின்று தொடங்கினேன். அவர் பயிற்றங்கொடிகளைப் பிடுங்கி, தெருவில் வைக்கிற பெரிய கடதாசிப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பழத்தைத் திங்களுக்கு முன்னம் சாப்பிடுங்கோ."

"உது விதைக்கு."

"சதையைத் திண்டுபோட்டு வித்தை வையுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?"

"முத்தாமல் ஆய்ஞ்சா வித்து ஊமையாப் போகும். கிடந்து கறுத்து, தானா விழவேணும்."

"அந்த மனுசன் சொன்னது மறந்துபோச்சோ? இது கத்தரிக்காய் இல்லை. பழுத்தா வித்தும் முத்தினமாதிரித்தான்!"

"கதையாதை. நான் ஐம்பது வருசமா விதை எடுக்கிறன்."

"உங்களுக்கு நாக்கே போகப்போகுது அக்கா! விளங்குதோ?"

தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அவர் பையின் வாயை மடித்து, அதன்மேல் ஏறி மிதித்து அமத்தினார். 

சனிக்கிழமை காலை. அந்தக் கொப்பு வேலிக்கு மேலால் என் பக்கம் சாய்ந்திருந்தது. பழத்தின் தோலில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. வாசம் என் சமையலறை வரை வந்தது. பக்குவமா என்று பார்க்கத்தான் தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் வைத்து நடுவே வெட்டினேன். உள்ளே மஞ்சள் சதை, களியாக, அதற்குள் இரண்டு வரிசையில் பளபளவென்று பெரிய வித்துகள். ஒரு கரண்டியைக் குத்தி அவர் முன்னால் தள்ளினேன்.

"சாப்பிடுங்கோ."

அவர் முதலில் சீலைத்துண்டைத்தான் பார்த்தார். அது காம்போடு மேசையில் கிடந்தது. "ஆரைக் கேட்டு ஆய்ஞ்சனி? ஆரின்ர மரமெண்டு கை வைச்சனி?" என்று தொடங்கி, என் தாய் தகப்பன் வளர்ப்பு வரை போனார். ஏசிக்கொண்டே வித்துகளை ஒவ்வொன்றாக விரலால் தோண்டி எடுத்து ஒரு பேப்பரில் வைத்தார். சதையைத் தொடவில்லை. விரலைக்கூட நக்கவில்லை, சீலையில் துடைத்தார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம். நீயே தின்."

எனக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் செய்ததுதான் இதையெல்லாம் எழுத வைக்கிறது. கரண்டியை எடுத்தேன். அவர் முன்னாலேயே நின்றபடி, அவர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே, முதல் பாதியைத் தின்றேன். இரண்டாவது பாதியையும் தின்றேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல பழம் சாப்பிட்டதில்லை. அதை அவருக்குச் சொல்லவும் இல்லை. வெறுந்தோலை வைத்துவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வித்துகளின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். சாம்பல் பிரட்டி, வெப்பக்காற்று வருகிற துளைக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து ஒரு மாதம் காயவைத்தார். உறையில் போட்டுத் தெருவிலும் வெளியிலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒருவர் வீட்டிலும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மார்க்கம் நகரத்திலிருந்து ஒருவர் எனக்கே போன் எடுத்து, முளைக்க எவ்வளவு நாள் செல்லும் என்று கேட்டார். "சொல்லத் தெரியாது" என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல அவரை ஏற்றிக்கொண்டு போனேன். ஏழு கிழமையும் போனேன். பழத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. மூன்றாவது கிழமை சோறு மண்ணாக இருக்கிறது என்றார். ஐந்தாவது கிழமை ஒன்றுமாகவே இல்லை என்றார்.

பெப்ரவரியில் ஒருநாள், வாசல் பனியைத் தள்ளிவிட்டு அவர் வீட்டுக்குள் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். சூப் வைத்துக் கோப்பையில் ஊற்றி மேசையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லு. அந்தப் பழம் எப்பிடி இருந்தது?"

"சப்பெண்டு கிடந்தது அக்கா. சும்மா பேருக்குத்தான் இவ்வளவு கதை."

"பொய். கடைசியிலை நீ கரண்டியை நக்கினனி. நான் கண்டனான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு சொன்னேன். வாழைப்பழமும் மாம்பழமும் ஒன்றாகக் கடைந்தது போல இருந்தது, வாயில் வைத்ததும் கரைந்தது, தோலோரம் கொஞ்சம் கசந்தது, பின்னேரம் வரை கையில் மணத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னமுன்னா மாதிரியோ?"

"ஓம். அதைவிடத் திறம்."

"முழுக்கத் திண்டிட்டியே."

"நீங்கள்தானே வேண்டாமெண்டனியள்!"

"ஒருக்காத்தானே சொன்னனான்?" அவர் குரல் உடைந்து கரகரத்தது. கதிர்வீச்சு அந்தக் குரலையும் தின்றிருந்தது. "வேலியிலை நிண்டு கத்தினதைச் சொல்லாதை. வெட்டி முன்னாலை வைச்சு ஒருக்காத்தான் கேட்டனி. எங்கட சனத்திலை ஆர் முதல்தரம் கேட்டவுடனை ஓமெண்டு கையை நீட்டுறது? நீயும் எங்கட ஆள்தானே? இன்னொருக்காக் கேட்டிருந்தா நான் திண்டிருப்பன்."

அவர் சூப்புக் கோப்பையை மேசையில் சிந்தச் சிந்த என் பக்கம் தள்ளினார்.

"இந்தா. ருசி தெரிஞ்ச ஆள் நீதானே. குடி."

குடித்தேன். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது, நாக்கில் வைக்க முடியவில்லை. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.